வேஸ்ட் குடோனில் ஒரு நோட்டு

அண்ணா,

ப்ளஸ் டூ முடித்த பாப்பாவை அடுத்து என்ன படிக்க வைப்பது என்று கேட்க, சனிக்கிழமை நீங்களும் அண்ணியும் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது பாதி நேரத்தை உங்கள் மச்சானின் போனே தின்றுவிட்டது. பெங்களூரிலிருந்து மூன்று முறை கூப்பிட்டார். மூன்று முறையும் ஒரே பேச்சு: "ஏஐ, டேட்டா சயின்ஸ்தான். வேறு எதையும் யோசிக்காதீங்க." நீங்கள் என்னிடம் கேட்டதும் ஒன்றுதான். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து மேனேஜ்மென்ட் சீட்டுக்கு 15 லட்சம் புரட்டினால் பிள்ளை கரையேறிவிடுமா? எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று வழக்கம்போல் சொல்லி அனுப்பிவிட்டேன். அப்படிச் சொன்னது அன்று ராத்திரி எனக்கே உறுத்தியது. எனவே இப்போது நேராகவே சொல்லிவிடுகிறேன்: பத்திரத்தை வைக்காதீர்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 15 லட்சத்தை 11 சதவீத வட்டியில் பத்து வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 20,600 ரூபாயைத் தாண்டும். படிக்கிற நாலு வருடத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. கட்டிங் மாஸ்டர் சம்பளத்தில் வீட்டு மளிகை, தம்பியின் படிப்பு, அம்மாவின் மருந்து எல்லாம் போக என்ன மிஞ்சும் என்று உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு விஷயத்தை உங்கள் மச்சான் கவனிக்கவே இல்லை. பாப்பா ஆறாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளி. பொறியியல் கலந்தாய்வில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும். அது இல்லாமல் பொதுக் கலந்தாய்வில் சேர்ந்தாலும் முதல் பட்டதாரி கட்டணச் சலுகை கிடைக்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் போனால் இரண்டும் போச்சு. இலவசமாகக் கிடைப்பதை உதறிவிட்டு வீட்டை அடகு வைக்கும் கணக்கு எனக்குப் புரியவில்லை.

ஏஐ மோசமான படிப்பு என்று நான் சொல்லவில்லை. அதில் மனசு ஒட்டுகிற பிள்ளை தாராளமாகப் படிக்கட்டும். உங்கள் பிள்ளைக்கு ஒட்டவில்லை. நீங்கள் வெளியே டீ குடிக்கப் போயிருந்தபோது கம்ப்யூட்டர் சயின்ஸ் எப்படி என்று கேட்டேன். "பரவால்லைங்க" என்றாள். லீவில் என்ன செய்தாய் என்றதும் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். அப்புறம் இருபது நிமிடம் நான் வாயே திறக்கவில்லை.

நீங்கள் அந்த நோட்டைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். பரீட்சை முடிந்து ஒன்றரை மாதம் உங்கள் பெரியப்பா மகனின் பனியன் வேஸ்ட் குடோனில் எடைக் கணக்கு எழுதியிருக்கிறாள் அல்லவா? அவர் கேட்டது எடையும் தொகையும் மட்டும். இவள் தானாகவே இன்னும் நாலு கட்டம் போட்டிருக்கிறாள்: எந்தக் கம்பெனியிலிருந்து வந்தது, என்ன கலர், லைக்ரா (ரப்பர்போல இழுபடும் நூல்) கலந்ததா இல்லையா, பிரித்தெடுக்க எத்தனை நேரம் ஆனது. ஒரு பக்கத்தின் ஓரத்தில் இப்படி ஒரு குறிப்பு: "இந்தக் கம்பெனி வெட்டும்போதே கலர் பிரித்துப் போட்டால் அஞ்சு பேர் வேலை மிச்சம். ஏன் போடுவதில்லை?"

அண்ணா, மேலாண்மைப் படிப்பில் இதற்குப் பெரிய பெயர்கள் வைத்திருக்கிறார்கள். கழிவை மறுபடி பொருளாக்குவதைச் சுழற்சிப் பொருளாதாரம் என்பார்கள், சப்ளை செயினைத் திருப்பி ஓட்டுவது என்பார்கள். உங்கள் பெண் அந்தப் பெயர்களைக் கேள்விப்படாமலே சரியான கேள்வியில் வந்து நிற்கிறாள்.

நூறு கிலோ துணி வெட்டினால் பத்து, பதினைந்து கிலோ கட்டிங் வேஸ்டாகப் போவது உங்களுக்குத் தெரிந்த சங்கதி. உங்கள் மேஜையோடு உங்கள் வேலை முடிகிறது. அந்தத் துண்டுகளின் கதை அங்கேதான் தொடங்குகிறது. குடோனில் பெண்கள் தரையில் உட்கார்ந்து கலர் கலராகப் பிரிக்கிறார்கள். ஒரு துண்டை இழுத்துப் பார்த்தே லைக்ராவா என்று சொல்லிவிடுவார்கள். சந்தேகம் இருந்தால் நூலைக் கொளுத்திப் பார்ப்பார்கள்; காட்டன் காகிதம் எரிகிற வாசத்தோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் குண்டுமணியாகும். பிறகு பேல் கட்டி பல்லடம், சோமனூர் பக்கத்து ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்லுக்கு அனுப்புவார்கள். அங்கே துணியைக் கிழித்து மறுபடி பஞ்சாக்கி, இழை குட்டையாகிவிடுவதால் பெரும்பாலும் பாலியஸ்டர் சேர்த்து, நூலாக்குகிறார்கள். சிவப்புத் துண்டு சிவப்பு நூலாகவே வருவதால் மறுபடி சாயம் போடுகிற வேலை இல்லை, சாயத்துக்கான தண்ணீரும் மிச்சம். பெட்ஷீட், கைலி, மிதியடி எல்லாம் அந்த நூலில்தான் ஓடுகிறது.

இதில் சிக்கல் மெஷினில் இல்லை, சரக்கு வந்து சேருவதில் இருக்கிறது. புது நூல் வாங்கினால் எத்தனை கிலோ, என்ன கவுன்ட் (நூலின் பருமன்), எந்தத் தேதி என்று ஆர்டரில் எழுதிவிடலாம். வேஸ்டில் எதுவுமே நிச்சயமில்லை. ஐம்பது சின்னக் கம்பெனியிலிருந்து துளித்துளியாக வரும். எப்போது வரும், எந்தக் கலரில் வரும், உள்ளே எத்தனை லைக்ரா என்று யாருக்கும் தெரியாது. மில்லுக்கோ ஒரே ஷேடில் ஐந்து டன் வேண்டும். பஞ்சுபோல லேசான சரக்கு, வண்டியை அடைத்துக்கொள்ளும், எடை நிற்காது. அதனால் வாடகை கையைக் கடிக்கும். இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்தத் தெரிந்த ஆளுக்குத்தான் பஞ்சம். துணியும் தெரிய வேண்டும், கணக்கும் தெரிய வேண்டும், குடோனில் உட்கார்ந்திருக்கிற அக்காவிடம் பேசவும் தெரிய வேண்டும். மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம்.

அடுத்து ஆவணம். மறுசுழற்சி நூல் என்று சொல்லி ஐரோப்பாவுக்கு விற்க வேண்டுமானால் வாய்ப்பேச்சு செல்லாது. ஜி.ஆர்.எஸ். என்கிற சான்றிதழ் கேட்பார்கள். ஆடையின் லேபிளில் அந்த முத்திரை போட குறைந்தது 50 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும். மில், துணி, சாயப்பட்டறை, கார்மென்ட் என்று சரக்கு கை மாறுகிற இடத்திலெல்லாம் அதற்கான பரிமாற்றச் சான்று கூடவே போக வேண்டும். நூறு கிலோ உள்ளே போன இடத்தில் நூற்றிப்பத்து கிலோ வெளியே வந்தால் ஆடிட்டர் பிடித்துக்கொள்வார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையில் அமலுக்கு வந்த சட்டப்படி, விற்காத துணிமணிகளைப் பெரிய நிறுவனங்கள் அழிக்க 2026 ஜூலை 19 முதல் தடை. துணிக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட்டும் அதே சட்டத்தின் வழியாகத்தான் வரப்போகிறது. எந்த நூல், எங்கே சாயம் என்று சட்டையே சொல்ல வேண்டிய காலம். அந்த விவரத்தைத் திருப்பூரில் யார் எழுதிக் கொடுப்பது? பாப்பாவின் நோட்டில் இருக்கிற நாலு கட்டத்தை எடுத்து வைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் கொஞ்ச நாள் ஃபேஷன், அடங்கிவிடும் என்று மச்சான் சொல்லக்கூடும். அவரிடம் 2011 ஜனவரியை ஞாபகப்படுத்துங்கள். நொய்யலில் சாயக் கழிவு விட்டதற்காக ஐகோர்ட் உத்தரவில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த அந்த மாதங்களைப் பற்றி நீங்கள்தான் என்னிடம் சொன்னீர்கள். முடியவே முடியாது என்ற ஊர், இன்று சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்துகிறது, அதிலிருந்து உப்பைக் கூடப் பிரித்து எடுக்கிறது. தண்ணீருக்கு வந்தது துணிக்கும் வரும். பிளாஸ்டிக் பேக்கிங், எலக்ட்ரானிக்ஸ், பேட்டரி மூன்றுக்கும், விற்ற கம்பெனியே கழிவுக்கும் பொறுப்பு என்று இந்தியாவிலேயே விதி வந்துவிட்டது. ஆகவே நாளைக்கு இவள் துணியை விட்டுவிட்டு பேட்டரிக்குப் போனாலும் கற்றது வீணாகாது.

சரி, எங்கே படிப்பது? கலந்தாய்வில் டெக்ஸ்டைல் டெக்னாலஜியை முதல் வரியில் எழுதச் சொல்லுங்கள். பி.எஸ்.ஜி. டெக், குமரகுரு, சத்தியமங்கலம் பண்ணாரி அம்மன், சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக் எல்லாவற்றிலும் இந்தப் பிரிவு உண்டு. கம்ப்யூட்டர் பக்கம் இருக்கிற அடிதடி இங்கே கிடையாது. அவள் கட்-ஆஃபுக்கு ஏஐ-யில் ஏதோ ஒரு கல்லூரியின் கடைசி சீட்டுக்குக் காத்துக் கிடப்பதற்கு, இங்கே நல்ல கல்லூரியில் மரியாதையாக உட்காரலாம். அதுவும் தள்ளிப்போனால் பாலிடெக்னிக். ப்ளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்திருப்பதால் டிப்ளமோவில் நேரடி இரண்டாம் ஆண்டு. குமாரபாளையம் எஸ்.எஸ்.எம். பாலிடெக்னிக்கில் டெக்ஸ்டைல் டிப்ளமோ இருக்கிறது. இரண்டு வருடத்தில் முடித்து, ஒரு வருடம் உதவித்தொகையோடு அப்ரன்டிஸ் செய்துவிட்டு, விருப்பம் இருந்தால் பொறியியலில் மறுபடி நேரடி இரண்டாம் ஆண்டு. "பாலிடெக்னிக்கா?" என்று கல்யாண வீட்டில் நாலு பேர் கேட்பார்கள். அவர்கள் யாரும் தவணை கட்ட வரப்போவதில்லை.

சப்ளை செயினில் எம்.பி.ஏ. என்று இப்போதே யாராவது ஆசை காட்டினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மில்லில் இரண்டு வருடம் நின்றுவிட்டு அப்புறம் போனால் அங்கே சொல்லித் தருவது விளங்கும். அதற்கு முன் அது வெறும் படம்தான்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓ.இ. மில்லில் தூசி அதிகம், மாஸ்க் இல்லாமல் நிற்கக் கூடாது. ஆரம்பச் சம்பளம் மச்சானின் மகன் வாங்குவதுபோல் இருக்காது. பல இடங்கள் குடும்பக் கம்பெனி, முதலாளியின் மருமகன்தான் மேனேஜர். பெண்பிள்ளை லாரிக்காரரிடமும் குடோன்காரரிடமும் குரல் உயர்த்திப் பேச வேண்டிவரும். இதையெல்லாம் பாப்பாவிடமும் சொன்னேன். "குடோன்ல தினமும் அதுதானுங்களே பண்ணினேன்" என்றாள்.

மேனேஜ்மென்ட் சீட்டுக்காக அந்தக் கல்லூரி ஏஜென்ட்டிடம் 25,000 அட்வான்ஸ் கொடுத்ததாகச் சொன்னீர்கள். ரசீது இருந்தால் அதை வைத்துத் திருப்பிக் கேளுங்கள், நானும் கூட வருகிறேன். ரசீது இல்லையென்றால் போனது போகட்டும். 25,000 போய்விட்டதே என்பதற்காக 15 லட்சத்தில் இறங்காதீர்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாருங்கள், கலந்தாய்வு விருப்பப் பட்டியலை உட்கார்ந்து எழுதிவிடலாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழையும் முதல் பட்டதாரி சான்றிதழையும் எடுத்து வாருங்கள். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தால் ரொம்ப நல்லது. பாப்பாவிடம் அந்த நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். லைக்ரா கலந்த துண்டு எந்தக் கம்பெனியிலிருந்து அதிகம் வருகிறது என்று அவள் கண்டுபிடித்திருக்கிறாள். நீங்கள் வெட்டுகிற கம்பெனியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.