பெரியப்பாவின் முடிவும் பையனின் கேள்வியும்

பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி பயிரிடும் ஒரு தந்தை, பிளஸ் 2 படிக்கும் மகனுடன் என்னைப் பார்க்க வந்தார். ஓய்வுபெற்ற சுபேதாரான பெரியப்பா, பையனுக்கு ராணுவ அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமிதான் என்று முடிவு செய்துவிட்டாராம். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட நிலத்தை அடகு வைக்கவும் தந்தை தயார். பையனோ, “தப்பான உத்தரவு போட்டா என்ன சார் பண்றது?” என்றே கேட்டுக்கொண்டிருந்தான். பிள்ளை பயந்துவிட்டானோ என்பதே தந்தையின் கவலை.

பயமில்லை ஐயா, அது சட்டக் கேள்வி. 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் 41ஆவது பிரிவில் தண்டிப்பது ‘சட்டப்படியான’ உத்தரவை மீறுவதைத்தான். களப்பணியில் அதற்கு 14 ஆண்டு வரை சிறை உண்டு. எது சட்டப்படியானது என்பதைத் துப்பாக்கியோடு நிற்பவன் நொடியில் தீர்மானிக்க வேண்டும். 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரில் நிராயுதபாணிகளைச் சுட மறுத்த, பிரிட்டிஷ் ராணுவத்தின் கார்வால் படையைச் சேர்ந்த சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 1941இல்தான் வெளியே வந்தார். 1968இல் வியட்நாமின் மை லாய் கிராமத்தில், ஊர்மக்களுக்கும் அவர்களைக் கொன்றுகொண்டிருந்த தம் நாட்டுச் சிப்பாய்களுக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கிய அமெரிக்க ராணுவ விமானி ஹியூ தாம்ப்சனுக்கு உரிய பதக்கம் வர 30 ஆண்டுகள் ஆயின. நான் பேசப் பேச, பையன் பஸ் டிக்கெட்டின் பின்புறம் ‘41’ என்று எழுதிக்கொண்டான். அவன் மனம் எங்கே இருக்கிறது என்பதற்கு எனக்கு அதுவே போதும்.

அகாடமியில் சேர்ந்தபின் அவனாக விலகினால், பயிற்சிச் செலவைப் பெற்றோர் திருப்பிக் கட்ட வேண்டும். பெரியப்பா கட்டமாட்டார்.

பலரும் எண்ணிப் பார்க்காத வழி, ராணுவத்தின் சட்டப் பிரிவான ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல் பிரிவு. தருமபுரியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அங்கே ஐந்தாண்டுப் படிப்பை 55 சதவீதத்துக்குக் குறையாமல் முடித்து, சட்ட மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான கிளாட் முதுநிலைத் தேர்வு எழுதினால், 21 முதல் 27 வயதுக்குள் விண்ணப்பிக்கலாம். யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு கிடையாது, நேராக எஸ்.எஸ்.பி. எனும் ராணுவத் தேர்வு வாரியத்தின் நேர்காணல், பிறகு சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி. ராணுவ நீதிமன்ற வழக்குகளைக் கவனிப்பதும், தளபதிக்குச் சட்ட ஆலோசனை சொல்வதும் இவர்கள் வேலை. அங்கும் சீருடை உண்டு, உத்தரவும் உண்டு. ஆனால் இவனுடைய கேள்வியே அங்கே உத்தியோகம். இடம் கிடைக்காவிட்டாலும் வழக்கறிஞர் பட்டம் கையில் நிற்கும்.

நிலப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். பெரியப்பாவிடம் நானே பேசுகிறேன். சுபேதாராக இருந்தவருக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்காது.