ட்ரெட்மில்லில் ஓட முடிகிறது, சாலையில் ஏன் முடியவில்லை?

கேள்வி: எனக்கு வயது 38. ஒரு வருடமாக வாரம் மூன்று நாள் ஜிம்மில் ட்ரெட்மில்லில் ஓடுகிறேன். மணிக்கு 8.5 கி.மீ. வேகத்தில் 35 நிமிடம், பெரிய சிரமம் இல்லை. போன வாரம் முதல்முறையாக வெளியே ஓடினேன். 2 கி.மீ. தாண்டுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. விடாமல் 5 கி.மீ. முடித்தேன். மறுநாளிலிருந்து இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்கம் நெடுக வலி. இதயத்தில் கோளாறு இருக்குமோ? இத்தனை நாள் ஓடியது வீண்தானா?

பதில்: வீணாகவில்லை. ஒரு வருட ஓட்டம் உங்கள் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்ல பழக்கத்தைக் கொடுத்திருக்கிறது. வெளியே ஓடத் தயாராகாமல் இருப்பது உங்கள் கால் எலும்புதான்.

முதலில் இதயம். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், மயக்கம், தாறுமாறான படபடப்பு, இவற்றில் ஒன்று வந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இவை எதையும் நீங்கள் எழுதவில்லை. ட்ரெட்மில்லில் 35 நிமிடம் சுலபமாக ஓட முடிவதும் நல்ல அறிகுறி. ஆனாலும் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால், அல்லது குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால், ஒருமுறை பரிசோதித்துக்கொண்டு தொடருங்கள்.

அப்படியானால் மூச்சு ஏன் வாங்கியது? பெரும்பாலும் வேகம்தான் காரணம். ட்ரெட்மில்லில் வேகத்தை மோட்டார் பிடித்து வைத்திருக்கிறது. வெளியே அப்படிப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. முதல் சில நிமிடங்கள் உற்சாகத்தில் சுலபமாகத் தெரியும். 10, 11 கி.மீ. வேகத்துக்குப் போயிருப்பீர்கள், உங்களுக்கே தெரிந்திருக்காது. வெயிலில் ஓடியிருந்தால் இன்னொரு சுமையும் சேரும். உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் போக வேண்டும், தசைக்கும் போக வேண்டும். அதனால் அதே வேகத்திலும் நாடித் துடிப்பு ஏறும். வெப்பத்துக்கு உடல் பழக 10 முதல் 14 நாள் ஆகும். எதிர்க்காற்றைச் சமாளிக்க ட்ரெட்மில்லில் 1 சதவீதம் ஏற்றம் வைக்கச் சொல்வார்கள். உங்கள் வேகத்துக்கு அதனால் பெரிய வித்தியாசம் வராது, விட்டுவிடுங்கள்.

முதல் ஒரு மாதம் வேகத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிகிறதா என்று மட்டும் கவனியுங்கள். முடியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள், நடந்தாலும் தப்பில்லை.

சரி, கால் வலிக்கு வருவோம். எனக்கு இதுதான் கவலை. ட்ரெட்மில்லில் ஒவ்வொரு அடியும் ஏறக்குறைய ஒரே மாதிரி விழும். சாலையில் மேடு பள்ளம், திருப்பம், ஓரத்தில் சரிவு எல்லாம் உண்டு. இறக்கத்தில் தொடைத் தசை உடலைத் தடுத்துப் பிடித்தபடி நீள வேண்டியிருக்கும். அந்தத் தசை வலி இரண்டு மூன்று நாளில் போய்விடும். எலும்பு அப்படி இல்லை. மூச்சு சில வாரங்களில் தேறிவிடும், எலும்பு உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். புதிய சுமை வந்ததும் உடல் முதலில் பழைய எலும்பைக் கரைத்துவிட்டு, பிறகுதான் புதிதாகக் கட்டுகிறது. அந்த இடைவெளியில் எலும்பு கொஞ்சம் பலவீனமாகவே இருக்கும். மூச்சுதான் இருக்கிறதே என்று காலைப் பாடாய்ப் படுத்துகிறவர்களுக்கு அப்போதுதான் மயிரிழை விரிசல் விழுகிறது.

இப்போதே உட்கார்ந்து ஒரு சோதனை செய்து பாருங்கள். வலிக்கும் எலும்பின் உள்விளிம்பைக் கணுக்காலிலிருந்து மேல்நோக்கிக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். நான்கைந்து விரல் அகலத்துக்கோ அதற்கு மேலோ பரவலாக வலித்தால், அது பெரும்பாலும் ‘ஷின் ஸ்பிளின்ட்’, அதாவது பழகாத சுமையால் கீழ்க்கால் எலும்பின் ஓரம் நெடுக வரும் வலி. ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும். நாணயம் அளவுக்கு ஒரே இடத்தில் சுருக்கென்று வலித்தாலோ, நடக்கும்போதும் ராத்திரி படுத்திருக்கும்போதும் வலி இருந்தாலோ விரிசலைச் சந்தேகிக்க வேண்டும். ஓடவே கூடாது, எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். உடல் இளைக்க உணவைக் குறைப்பவர்கள், மாதவிடாய் தள்ளிப்போகும் பெண்கள், வைட்டமின் டி குறைவாக உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

அப்புறம் ஷூ. வாரம் 15 கி.மீ. என்றால் ஒரு வருடத்தில் ஏறக்குறைய 780 கி.மீ. ஆகிவிட்டது. பொதுவாக ஓட்ட ஷூவின் மெத்தை 500 முதல் 800 கி.மீ. வரைதான் தாங்கும். அதே ஷூ என்றால் மாற்றுங்கள். ஆனால் கால் பழகிய வகையிலேயே வாங்குங்கள்.

நடந்தாலும் அழுத்தினாலும் வலியில்லை என்றான பிறகு, மூன்று நாளில் ஒரு நாளை மட்டும் வெளியே மாற்றுங்கள். சமதளமான பாதையில் நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று 20 நிமிடம் போதும். எட்டி எட்டி அடி வைக்காமல் குட்டை அடியாக, கொஞ்சம் வேகமாக எடுத்து வைத்தால் முழங்காலிலும் கீழெலும்பிலும் அதிர்ச்சி குறையும். இரண்டு வாரம் வலியில்லாமல் போனால் ஓடும் நேரத்தைச் சிறிது கூட்டுங்கள், அதன் பிறகு இரண்டாவது நாளை மாற்றுங்கள். மூன்று நாளும் வெளியே ஓட இரண்டு மாதமாவது ஆகட்டும். கடும் வெயிலோ புகையோ உள்ள நாட்களில் ட்ரெட்மில்லே நல்லது.

இப்போதைக்கு சைக்கிளோ நீச்சலோ போதும். இரண்டு வாரம் ஓய்வு கொடுத்த பிறகும் கட்டைவிரல் பட்டால் வலித்தால், காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.