நெவில் போன்னர்: நியமனமும் தேர்தலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நாடாளுமன்றத்தின் முதல் பூர்வகுடி உறுப்பினர் என்று நெவில் போன்னரைப் புகழ்ந்து எழுதியிருந்தீர்கள். அவர் 1971இல் நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்கு நியமிக்கப்பட்டவர்தானே? மக்கள் வாக்களிக்காமல் உள்ளே வந்தவரை இவ்வளவு கொண்டாட வேண்டுமா?

க.

அன்புள்ள க.,

நியமனம் என்பது உண்மை. செனட்டில் இடைத்தேர்தல் கிடையாது. உறுப்பினர் விலகினால் அந்த இடத்தை மாநிலம்தான் நிரப்ப வேண்டும். அன்னபெல் ராங்கின் விலகியபோது போன்னர் அப்படித்தான் வந்தார். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே அவர் லிபரல் கட்சிப் பட்டியலில் மூன்றாமவராக நின்று தோற்றிருந்தார். பிறகு 1972, 1974, 1975, 1980 தேர்தல்களில் தன் மாநிலமான க்வீன்ஸ்லாந்து மக்களின் வாக்கைப் பெற்றே வென்றார்.

அவர் எங்கிருந்து வந்தார் என்பதையும் பாருங்கள். 1922இல், ட்வீட் ஆற்றின் முகத்துவாரத்தருகே உள்ள உகெரபா தீவில், அரசு கொடுத்த ஒரு கம்பளியின் மீது பிறந்தவர் அவர். பொழுது சாய்ந்த பின் பூர்வகுடியினர் நகருக்குள் இருக்கக் கூடாது என்பதால் தாய்க்கு அங்கேதான் இடம் கிடைத்தது. பள்ளிக்கூடம் போனது ஏறத்தாழ ஓராண்டு. கரும்பு வெட்டினார், மாடு மேய்த்தார், பூர்வகுடியினருக்கான பாம் தீவுக் குடியிருப்பில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். க்வீன்ஸ்லாந்தின் பூர்வகுடியினரில் பெரும்பாலோருக்குக் கூட்டாட்சித் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது 1962இல். அப்போது அவருக்கு நாற்பது வயது. ஒன்பதே ஆண்டுகளில் செனட்டில் அமர்ந்தார். என் மதிப்பு அந்த ஒன்பது ஆண்டுகள் மீதுதான்.

அவையில் அவர் சும்மா இருக்கவில்லை. இந்த மண் பூர்வகுடியினருக்கே முதலில் உரியதாயிருந்தது என்பதை ஏற்று, அவர்களுக்கு இழப்பீடு கோரும் அவரது தீர்மானத்தை 1975 பிப்ரவரியில் செனட் ஒருமனதாக நிறைவேற்றியது. கட்சியின் நிலைப்பாடு தவறென்று பட்டபோதெல்லாம் எதிரணியோடு சேர்ந்து வாக்களிக்கவும் அவர் தயங்கவில்லை.

மக்களின் வாக்கைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்றால் 1983ஐப் பார்க்க வேண்டும். செனட் வாக்குச்சீட்டில் கட்சி தன் வேட்பாளர்களை எந்த வரிசையில் வைக்கிறதோ, அந்த வரிசையில்தான் பெரும்பாலும் வெற்றியும் வருகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தவரை அவருடைய கட்சி வெல்ல முடியாத மூன்றாம் இடத்துக்குத் தள்ளியது. அந்தச் செயலை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் கட்சியிலிருந்து விலகி, சுயேச்சையாக மாநிலம் முழுவதும் வாக்குக் கேட்டார். கட்சி அமைப்பு எதுவும் துணைக்கு இல்லாமலே வெற்றியின் விளிம்பு வரை போய்த் தோற்றார்.

அன்புடன்,
ஆசிரியர்