லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் நோய்) உள்ளவருக்கு ரத்தத்தில் பி3என்பி கூடினால் உறுப்பில் தழும்பு விழுகிறது என்று அர்த்தமா?

அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. தழும்பிலும் சேரும் நார்ப்புரதமான கொலாஜனை செல்கள் முதலில் புரோகொலாஜனாகத்தான் செய்து வெளியே தள்ளும், அங்கே என்சைம்கள் அதன் இரண்டு முனைகளையும் நறுக்கிய பிறகுதான் அது நாராகச் சேரும். நறுக்கிய துண்டு ரத்தத்தில் கலக்கிறது, அதைத்தான் லேபில் அளக்கிறார்கள்; மூன்றாம் வகை கொலாஜனின் துண்டுக்குப் பெயர்தான் பி3என்பி. தையல்கடையில் விழுந்த வெட்டுத்துணியைப் பார்த்து எவ்வளவு தைத்திருப்பார்கள் என்று கணக்குப் போடுகிற மாதிரி.

சிக்கல் என்னவென்றால், துண்டு எங்கிருந்து வந்தது என்று ரிப்போர்ட் சொல்லாது. மூன்றாம் வகை கொலாஜன் தோல், ரத்தக்குழாய், கல்லீரல், நுரையீரல் எல்லாவற்றிலும் இருக்கிறது. மூட்டு வீங்கியிருந்தாலும், ஏதாவது காயம் ஆறிக்கொண்டிருந்தாலும் பி3என்பி ஏறும். முதல் வகையின் துண்டான பி1என்பி பெரும்பாலும் எலும்பு உருவாவதைக் காட்டுவது.

அப்புறம் ஸ்டீராய்டு. லூபஸில் பலர் பிரெட்னிசோலோன் எடுப்பார்கள், அது கொலாஜன் உற்பத்தியையே அமுக்கும், அதனால் இரண்டு எண்களும் இறங்கிவிடும். டோஸ் தெரியாமல் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து 'நார்மல்தானே' என்று நிம்மதி அடைவதில் பிரயோஜனம் இல்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு, சில பி1என்பி சோதனைகளில் உடைந்த துண்டுகளும் சேர்ந்து எண் பொய்யாக ஏறும்.

லூபஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க ரத்தத்தில் சி3, சி4 என்ற எதிர்ப்புச் சக்திப் புரதங்கள், சொந்த டிஎன்ஏவையே தாக்கும் இரட்டை இழை டிஎன்ஏ எதிர்ப்பான், சிறுநீரில் புரதம் இவைதான் வழக்கம். சிறுநீரகத்தில் தழும்பு இருக்கிறதா என்ற சந்தேகத்துக்கு, கொஞ்சம் வலித்தாலும், பயாப்சிதான் (ஊசியால் சின்னத் திசுத்துண்டை எடுத்துப் பார்ப்பது) நேரடியான பதில்.