நீர்க்கட்டி குழந்தையை நெருக்குமா?

கேள்வி: எனக்கு வயது 29. பிசிஓஎஸ் எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருப்பதால் மாதவிலக்கு 45 நாளுக்கு ஒருமுறைதான் வரும். நான்கு ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு கருத்தரித்திருக்கிறேன். கடைசி மாதவிலக்கை வைத்துக் கணக்கிட்டு 10 வாரம் என்கிறார்கள். 'நீர்க்கட்டி வளர்ந்தால் குழந்தையை நெருக்கும்' என்று மாமியார் பயப்படுகிறார். பயத்தில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன். பிறக்கும் குழந்தைக்கும் சர்க்கரை நோய் வந்துவிடுமா?

பதில்: வாழ்த்துகள். நெருக்காது என்று மாமியாரிடம் முதலில் சொல்லுங்கள். நீர்க்கட்டி என்ற பெயரால் வந்த பயம் இது. ஸ்கேனில் தெரிபவை பாதி வளர்ச்சியில் நின்றுபோன முட்டைப்பைகள். ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர்தான். அவை இருப்பது சினைப்பையில், குழந்தை வளர்வது கருப்பையில்.

நான் கவலைப்படுவது உங்கள் வாரக் கணக்கைப் பற்றி. 28 நாள் சுற்று உள்ளவர்களுக்குச் சுமார் 14ஆம் நாளில் முட்டை வெளிப்படும். 45 நாள் சுற்றில் அது 31ஆம் நாள்வாக்கில்தான் நடக்கும். ஆகவே உங்கள் குழந்தைக்கு இப்போது ஏழரை வார வளர்ச்சியே இருக்கலாம். கணக்கைத் திருத்தாமல் விட்டால், நன்றாக வளரும் குழந்தையைப் பின்னாளில் 'எடை போதவில்லை' என்பார்கள். நாள் கடந்துவிட்டதாக நினைத்து முன்கூட்டியே வலி வரவைப்பதும் நடக்கும். 14 வாரத்துக்குள் ஸ்கேன் எடுத்துக் குழந்தையின் நீளத்தை அளந்து, பிரசவத் தேதியைக் குறித்து வாங்குங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

மெட்ஃபார்மினை முட்டை வளர்ச்சிக்காக மட்டும் தந்திருந்தால், கர்ப்பம் உறுதியானதும் நிறுத்தும் மருத்துவர்கள் பலர். கர்ப்பகால சர்க்கரையை அது தடுக்கும் என்று ஆய்வுகளில் தெரியவில்லை. ஆனால் உங்களுக்கு ஏற்கெனவே சர்க்கரை இருந்து அதற்காகத் தந்திருந்தால் கதையே வேறு. நிறுத்திவிட்டதை நாளைக்கே உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவார் என்று மறைக்காதீர்கள். ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் விடக்கூடாது.

பிசிஓஎஸ் உள்ள பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. கர்ப்பத்தில் இந்தக் குறை இன்னும் கூடும் என்பதால், கர்ப்பகால சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் மற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகம் வருகின்றன; குறைமாதப் பிரசவமும் சற்று அதிகம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையை இப்போது ஒருமுறையும், இயல்பாக இருந்தால் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் செய்யுங்கள். ரத்தக்கொதிப்பைத் தடுக்கச் சிலருக்கு 12ஆம் வாரம் முதல் குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவார்கள். உங்களுக்குத் தேவையா என்று கேளுங்கள், நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். 20 வாரத்துக்குப் பிறகு விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீர் முகவீக்கம் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி குழந்தைக்கு வருவோம். கர்ப்பகால சர்க்கரை வந்த தாயின் குழந்தை சர்க்கரை நோயோடு பிறப்பதில்லை. பிறந்ததும் அதற்குச் சர்க்கரை தாழ்ந்துபோகலாம் என்பதுதான் எங்கள் கவலை. தாயின் ரத்தத்திலுள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. வந்து சேரும் குளுக்கோஸைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்கும். தொப்புள்கொடியை வெட்டியதும் குளுக்கோஸ் வரத்து நின்றுவிடும், இன்சுலின் சில மணி நேரம் ஓங்கியே இருக்கும். அதனால்தான் குதிகாலில் குத்திச் சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கிறோம். உடல் நடுக்கம், துவண்டு கிடப்பது, பால் குடிக்க மறுப்பது ஆகியவற்றைக் கண்டால் உடனே சொல்ல வேண்டும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்போடு அணைத்துப் பால் கொடுத்தாலே பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

பிசிஓஎஸ் உள்ள சிலருக்குப் பால் குறைவாகச் சுரப்பதுண்டு. அது உங்கள் குற்றமல்ல. குழந்தையை அடிக்கடி மார்பில் வைத்துப் பாருங்கள், குழந்தையின் எடையைக் கவனியுங்கள், போதாவிட்டால் தயங்காமல் உதவி கேளுங்கள்.

கர்ப்பகால சர்க்கரை வந்திருந்தால், பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் குளுக்கோஸ் பரிசோதனையை இன்னொரு முறை செய்ய வேண்டும். குழந்தையைக் கவனிக்கும் வேலையில் தாய்மார்கள் அதிகம் மறப்பது இந்தப் பரிசோதனையைத்தான். தேதியை இப்போதே கணவரிடம் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.