வளராத குரங்கா நாம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆக்சலாட்டல் என்ற, நீரில் வாழும் மெக்சிகோ சாலமாண்டர் (பல்லி வடிவத் தவளையினத்து உறவு) பற்றிப் போகிறபோக்கில் நீங்கள் எழுதிய இரண்டு வரி என்னை விடவில்லை. செவுளோடு, குட்டி உருவத்திலேயே அது இனப்பெருக்கமும் செய்கிறது என்றால், வளர்ச்சி பாதியில் நின்றுபோன உயிர்தானே அது? பின்னடைவு என்றுதானே சொல்லவேண்டும்? இதைத் தேடப்போய் ஒரு காணொளி கண்ணில் பட்டது. மனிதனே வளராத குரங்குக்குட்டிதான் என்கிறார்கள். சிம்பன்சிக் குட்டியின் முகத்தைக் காட்டியதும் கொஞ்சம் ஆடிப்போய்விட்டேன். இதில் எவ்வளவு உண்மை?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஒரு விலங்கின் உடலில் எல்லாமே ஒரே வேகத்தில் முதிர்வதில்லை. முகம், கால், மூளை, இனப்பெருக்க உறுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காலக்கணக்கு உண்டு. அவற்றில் ஒன்று மட்டும் தள்ளிப்போனாலோ முந்திக்கொண்டாலோ உடலின் அமைப்பே மாறிவிடும். உங்கள் இரண்டு கேள்விகளையும் இங்கிருந்துதான் பார்க்கவேண்டும்.

1864ல் மெக்சிகோவிலிருந்து பாரிஸ் அருங்காட்சியகத்துக்குச் சில ஆக்சலாட்டல்கள் வந்தன. அடுத்த ஆண்டு முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தன. தலையின் இருபுறமும் இறகுபோல விரிந்த செவுள்களோடு தாயும் தகப்பனும் அப்படியே இருக்க, குஞ்சுகளில் சில மட்டும் மாறத் தொடங்கின. செவுள் சுருங்கியது, வாலின் துடுப்பு மறைந்தது, தரையில் வாழும் சாலமாண்டராகவே ஆகிவிட்டன. அவற்றைக் கவனித்துவந்த ஓகுஸ்த் துமேரிலுக்கு அது பெரிய புதிர். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியின் ஹார்மோனில்தான் விடை என்பது பிற்பாடு தெரிந்தது. தலைப்பிரட்டை வாலை இழந்து தவளையாவதும் அந்த ஹார்மோனால்தான். ஆக்சலாட்டலில் அதைச் சுரக்கச் சொல்லும் உத்தரவு மூளைப்பக்கமிருந்து போதிய அளவு வருவதில்லை. உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி 1920ல் மாட்டின் தைராய்டைத் தின்னக் கொடுத்தபோது அவை உருமாறிவிட்டன. ஆக, முதிர்ந்த உடலுக்கான ஏற்பாடு உள்ளே அப்படியேதான் இருக்கிறது, தூண்டுதல்தான் இல்லை. பால்கன் பகுதியின் சுண்ணாம்புக் குகைகளில் வாழும் ஓல்ம் என்ற சாலமாண்டர் இதில் வேறு மாதிரி. ஹார்மோனைக் கொடுத்தாலும் அதன் செவுள் போவதில்லை. அதற்குத் திரும்பும் வழியே அடைபட்டுவிட்டது.

ஆக்சலாட்டலின் விஷயத்தில் உடல் தாமதிக்கிறது. நேரெதிரான வழியும் உண்டு: உடல் தன்போக்கில் போக, இனப்பெருக்கம் மட்டும் முந்திக்கொள்வது. காளானைத் தின்று வாழும் மிகச்சிறிய ஈ இனங்கள் சிலவற்றில் இதைப் பார்க்கலாம். சில மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவின் உடலுக்குள்ளேயே, ஆணின் துணையில்லாமல், முட்டைகள் வளரத் தொடங்கும். அதிலிருந்து வரும் மகள்கள் தாயை உள்ளிருந்தே தின்று, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கொஞ்ச நாளில் அவற்றுக்கும் அதே கதி. தாய் கூட்டுப்புழு ஆனதுமில்லை, இறகு முளைத்துப் பறந்ததுமில்லை. படிக்கக் கொடூரமாக இருக்கும். ஆனால் காளான் ஏராளமாகக் கிடைக்கும் சில நாட்களுக்குள் முடிந்தவரை பெருகிவிட இதைவிட வேகமான வழி அந்தப் புழுவுக்கு இல்லை. தீனி குறைந்து நெரிசல் கூடினால் அதே இனம் முழுவளர்ச்சிக்குப் போய், இறகோடு வேறு காளான் தேடிப் பறக்கிறது. இதையும் பின்னடைவு என்பீர்களா? எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

விலை இல்லாமலில்லை. வற்றாத ஏரியில் இருக்கும்வரை ஆக்சலாட்டலுக்குத் தரை தேவைப்படவில்லை. ஏரி கெட்டால் ஏறிப்போக இடமுமில்லை. அதன் சொந்த இடமான, மெக்சிகோ நகரின் சோச்சிமில்கோ ஏரிப்பகுதியில் 1998ல் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்ததாகக் கணக்கிட்டார்கள். 2014ல் அது 36தான். அழுக்கு நீரும் அங்கே கொண்டுவந்து விடப்பட்ட கெண்டை, திலாப்பியா மீன்களும் செய்த வேலை. இதை எழுதும்போதே வயிறு எரிகிறது. ஆய்வகத் தொட்டிகளில் ஆயிரக்கணக்கில் வளர்க்கிறோம், சொந்த ஏரியில் காப்பாற்ற முடியவில்லை.

சரி, மனிதனுக்கு வருவோம். நீங்கள் பார்த்த படம் பொய்யில்லை. சிம்பன்சிக் குட்டிக்கு உருண்டை மண்டை, தட்டை முகம், சின்னத் தாடை. அது வளர்ந்தபின் தாடை முன்தள்ளி, புருவமேடு எழும்பி, ஆளே மாறிவிடும். நமக்கு அவ்வளவு மாறுவதில்லை. இதை வைத்துத்தான் 1926ல் டச்சு உடற்கூறியலாளர் லூயி போல்க், மனிதன் கருப்பருவச் சாயலைக் கடைசிவரை வைத்துக்கொண்ட குரங்கு என்று வாதிட்டார்.

முகத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் சாரம் உண்டு. மூளையில் கதை சிக்கலாகிறது. பிறக்கும்போது நம் மூளை அதன் முழு அளவில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. சிம்பன்சிக்குச் சுமார் 40 சதவீதம். கருவில் வளர்ந்த வேகம் பிறந்தபிறகும் ஏறக்குறைய ஓராண்டு நமக்கு நீள்கிறது. இளம்பருவத்தின் வேகம் நீடித்ததால்தான் இவ்வளவு பெரிய மூளை. நின்றுபோன வளர்ச்சியாக இதை எப்படி எடுத்துக்கொள்வது?

காலுக்கு வந்தால் போல்க் சொன்னது அடியோடு பொருந்தாது. கைக்குழந்தையின் கால் உடலைப் பார்க்கக் குட்டை. வளர வளர நீண்டு, மற்றெந்தப் பெருங்குரங்குக்கும் இல்லாத நீளத்துக்குப் போகிறது. துருத்திய மூக்கும் அப்படித்தான், எந்தக் குழந்தைக்கும் அது கிடையாது.

டைனோசர் வழியில் வந்த பறவைகளிலும் இதே கலவைதான். பெரிய கண்ணும் குறுகிய முகமும் கொண்ட பறவை மண்டையோடு, வளர்ந்த டைனோசரைவிடக் குட்டி டைனோசரின் மண்டையோட்டையே ஒத்திருக்கிறது என்று 2012ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அதே மண்டையோட்டில் அலகு மட்டும் குட்டிகளிடம் இல்லாத அளவுக்கு நீண்டுபோயிருக்கிறது. காணொளிக்காரர்கள் முகத்தைக் காட்டியது சரி. காலையும் காட்டியிருந்தால் நீங்கள் அவ்வளவு ஆடிப்போயிருக்க மாட்டீர்கள்.

அன்புடன்.