காப்பகத்தில் வேலை செய்பவர் சந்தேகத்தைப் போலீசில் சொல்லியே ஆக வேண்டுமா?

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் வேலை, ஒரு குழந்தைக்குப் பாலியல் தொல்லை இருக்குமோ என்று சந்தேகம், உரிமையாளரிடம் சொன்னால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாதுங்க. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுகிறவரும் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை.

ஆதாரம் தேடுவது உங்கள் வேலை இல்லை. குழந்தையைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் துருவாதீர்கள். அது தானாகச் சொன்னதை அதே வார்த்தைகளில் தேதியோடு எழுதி வையுங்கள். அப்புறம், “பெரியவங்களை வெச்சுப் பேசி முடிச்சுக்கலாம், கண்ணு” என்று யாராவது வருவார்கள். நம் பக்கம் எதற்கும் அப்படித்தானே! இதில் அதற்கு இடமே கிடையாது.

நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் சட்டப் பொறுப்பு வராது. போலீஸ் நிலையம் தயக்கமாக இருந்தால் முதலில் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள், இலவசம்தான். போலீசில் கொடுக்கும்போது பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அவர்கள் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் தர வேண்டும்.